அந்திக்குப் பிள்ளை எங்கே படுக்கிறது?

தேனியிலிருந்து கம்பம் சாலையைப் பிடித்தால் முதலில் வருவது பழனிசெட்டிபட்டி. அதைத் தாண்டினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் செழித்த ஊர்கள் வரிசையாக வரும். இந்தப் பள்ளத்தாக்கிலும், கிழக்கே உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமும் பல பள்ளிக்கூடங்களின் முகப்பில் ‘அரசு கள்ளர்’ என்று தொடங்கும் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர் அதைப் படித்துவிட்டு, சாதிப் பெயரில் அரசாங்கமே பள்ளி நடத்துகிறதா என்று கேட்பார். நடத்துகிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 பள்ளிகள், கள்ளர் சீரமைப்பு என்ற தனி நிர்வாகத்தின் கீழ் வளர்ந்தவை. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்று சட்டம் போட்டுச் சொன்ன அரசு, அந்தச் சாதியின் பிள்ளைகளை என்ன செய்வது என்று நூறாண்டுக்கு முன்னால் யோசித்ததன் எச்சம் அந்தப் பலகை. அதே காலத்தில், அதே சென்னை மாகாணத்தின் வடக்கே, அதே சட்டத்தில் சிக்கிய இன்னொரு சமூகத்தின் பிள்ளைகளை ஒரு கிறிஸ்தவ மிஷன் ஏற்றுக்கொண்டு வேறொரு வழியில் போனது. ஐரோப்பாவில் ஜிப்ஸிகள் என்று ஊரார் அழைத்த ரோமா மக்களின் பிள்ளைகள் விஷயத்தில் அங்குள்ள மிஷன்கள் போனதும் ஏறக்குறைய அந்த வழிதான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒதுக்கப்பட்ட சமூகங்களின் குழந்தைகளிடையே நடக்கும் ஊழியத்தை எடைபோட ஒரு படிக்கல் கிடைக்கிறது. எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேறினார்கள் என்ற கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, பொழுது சாய்ந்தால் அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது, அதை முடிவு செய்தது யார் என்பதுதான்.

ரோமா மக்கள் நமக்கு ரொம்பத் தூரத்து ஆட்கள் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தியாவின் வட பகுதிகளிலிருந்து புறப்பட்டு, பாரசீகம், அனத்தோலியா வழியாக ஐரோப்பாவுக்குள் போனவர்களின் வழித்தோன்றல்கள். இன்று அந்தக் கண்டத்தில் ஒரு கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். தண்ணீருக்கு இன்னமும் ‘பானி’ என்றும், மூக்குக்கு ‘நாக்’ என்றும்தான் சொல்கிறார்கள். ‘ரோம்’ என்ற அவர்களுடைய பெயரே வட இந்தியாவின் ‘டோம்’ என்ற சாதிப் பெயரோடு ஒரே வேரில் வந்தது என்பது மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. இந்த உறவை மனதில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன கிறிஸ்தவ மிஷனாகிய இரட்சணிய சேனையின் (சால்வேஷன் ஆர்மி) வரலாற்றைப் புரட்டினால் விசித்திரமான ஒரு காட்சி கிடைக்கும். 1860ல் லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் ஒரு ஜிப்ஸிக் கூடாரத்தில் பிறந்த ரோட்னி ஸ்மித், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், சேனையின் மேடைகளில்தான் பேசிப் பழகினார். பின்னாளில் ‘ஜிப்ஸி ஸ்மித்’ என்ற பெயரோடு இரு கண்டங்களிலும் கூட்டம் திரட்டிய பிரசங்கியார் ஆனார். (பரிசாக வந்த தங்கக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார் என்று 1882ல் அவரைச் சேனை வெளியே அனுப்பியது தனிக்கதை.) அதே 1882ல் சேனை பம்பாயில் கால் வைத்தது. தலைமை ஏற்று வந்தவர் பூத் டக்கர், ஐ.சி.எஸ். பதவியை உதறியவர், காவி உடுத்து, செருப்பில்லாமல் நடந்து, பக்கீர் சிங் என்று பெயரும் வைத்துக்கொண்டார். ‘குற்றப் பரம்பரை’ மக்களுக்காக அந்தச் சேனை 1908ல் கோரக்பூரில் முதன்முதலில் பொறுப்பேற்ற குடியிருப்பு யாருடையது என்றால், டோம்களுடையது. இங்கிலாந்தில் கூடாரத்துப் பையனை மேடையில் ஏற்றிய அதே இயக்கம், இந்தியாவில் அவனுடைய தூரத்துச் சொந்தக்காரர்களுக்கு வருகைப் பதிவேடு வைத்து எண்ணிக்கை எடுத்தது.

ஐரோப்பாவில் பிள்ளைகளைப் பிரிக்கும் யோசனை பழையது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா 1770களிலேயே ஜிப்ஸிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்து உழவர் வீடுகளில் வளர்க்க ஆணையிட்டார். அதை நிறுவனமாக, பல பத்தாண்டுகள் தொய்வில்லாமல் நடத்திக் காட்டியது நார்வே. 1897ல் யாகோப் வால்னும் என்ற லுத்தரன் பாதிரியார் தொடங்கிய சங்கம், பின்னால் ‘வீடற்றோருக்கான மிஷன்’ என்ற பெயரோடு, அந்நாட்டின் நாடோடி ரோமானி மக்கள் தொடர்பான பொறுப்பை அரசிடமிருந்தே பெற்றது. அரசுப் பணம், சட்டத்தின் பலம், மிஷனின் கை. 1980கள் வரை இயங்கிய இந்த அமைப்பின் காலத்தில் சுமார் 1,500 பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து எடுக்கப்பட்டு இல்லங்களிலும் வளர்ப்பு வீடுகளிலும் வைக்கப்பட்டார்கள். குடும்பங்களை நிலைகொள்ளச் செய்ய ஸ்வான்விக்கன் என்ற இடத்தில் ஒரு தொழில் குடியிருப்பும் நடந்தது. அங்கே வைக்கப்பட்ட பெண்களில் பலருக்குக் கருத்தடை அறுவையும் நடந்தது. நார்வே அரசு 1998ல் மன்னிப்புக் கேட்டது. இவ்வளவையும் செய்தவர்கள் கொடூரர்கள் இல்லை என்பதுதான் இதில் மிகவும் உறுத்துகிற விஷயம். பசியோடு, குளிரில், பள்ளிக்கூடம் பார்க்காமல் ஒரு பிள்ளை வண்டியில் வளர்வதைக் கண்டு மனம் பொறுக்காதவர்கள் அவர்கள். பிள்ளையின் பசியும் தாயின் மடியும் அவர்கள் கண்ணுக்கு ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாகத் தெரிந்தன.

கிறிஸ்தவத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர நினைப்பவர்களைச் சுவிட்சர்லாந்து நிறுத்திவிடும். அங்கே 1926 முதல் 1973 வரை ‘சாலையோரப் பிள்ளைகள்’ என்ற திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 600 யெனிஷ் நாடோடிப் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டார்கள். நடத்தியது புரோ யுவெண்டூட் என்ற குழந்தைநல அறக்கட்டளை. சபை எதுவும் அல்ல. குடும்பத்தை உடைத்தால்தான் நாடோடி வாழ்க்கை ஒழியும் என்பதை அந்தத் திட்டம் ஒளிக்காமலே சொன்னது. 2025ல் சுவிஸ் அரசு அதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று ஏற்றுக்கொண்டது. மதம் இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் பிள்ளை ஒரே மாதிரிதான் எடுக்கப்பட்டது என்றால், கோளாறு வேதபுத்தகத்தில் இல்லை. பெற்றோரையே நோயாகப் பார்க்கிற பார்வையில் இருக்கிறது. அந்தப் பார்வைக்குச் சட்டத்தின் கை கிடைக்கும்போதுதான் ஆபத்து.

இந்தியாவில் அந்தக் கை 1871ல் கிடைத்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் வட மாகாணங்களுக்கு வந்தது. 1897ல் செய்த திருத்தம், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்த இல்லங்களில் வைக்க வழி திறந்தது. 1911ல் சென்னை மாகாணத்துக்கும் சேர்த்து வந்த புதிய சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஆறு வயதுக்கு மேல் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துத் தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. பிள்ளை ஒரு தப்பும் செய்திருக்க வேண்டாம். பிறந்த சாதி போதும்.

இந்தச் சட்டம் தேடிப் போனவர்களில் எருகுலர் என்று தெலுங்கிலும் குறவர் என்று தமிழிலும் அழைக்கப்பட்ட மக்கள் முக்கியமானவர்கள். பொதிமாட்டிலும் கழுதையிலும் கடலோர உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியம் மாற்றி வந்தவர்கள். ரயில் வந்தது, உப்பு அரசின் பிடிக்குள் இறுகியது, இரண்டும் சேர்ந்து அவர்கள் பிழைப்பின் கழுத்தைப் பிடித்தன. மீனா ராதாகிருஷ்ணாவின் 2001ஆம் ஆண்டு நூல் இந்தக் கதையை ஆவணங்களோடு சொல்கிறது. சுமை ஏற்ற சரக்கில்லாமல் ஊர் ஊராகத் திரிகிறவனைப் போலீஸ் எப்படிப் பார்க்கும் என்று விளக்கத் தேவையில்லை. குண்டூர்ப் பகுதியில் பாபட்லாவுக்கு அருகே 1913-14 வாக்கில் இவர்களுக்காக ஒரு குடியிருப்பு எழுந்தது. அன்றைய சென்னை அரசின் உயர் அதிகாரி ஹரால்டு ஸ்டூவர்ட்டின் பெயரால் ஸ்டூவர்ட்புரம் ஆனது. நிர்வாகம் இரட்சணிய சேனையிடம். வெளியே போகச் சீட்டு, உள்ளே இருப்பதற்கு வருகைப் பதிவு, வேலைக்கு நிலமும் நெசவும், பின்னால் சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலையும். சேனைக்காரர்கள் இந்த மக்களைத் தங்களுக்குள் ‘கிரிம்’ என்று சுருக்கி அழைத்தார்கள். கிரிமினல் என்பதன் செல்லப்பெயர். பூத் டக்கர் எழுதிய சிறு நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. குற்றம் ஒரு வியாதி, அதற்கு ஒரு வைத்திய சாஸ்திரம் உண்டு என்பது அந்த நூலின் தோரணை. வைத்தியத்தில் பிள்ளைகளைத் தனியே எடுத்து வளர்ப்பதும் அடக்கம்.

சேனை இல்லாவிட்டால் அந்த மக்களிடம் வேறு யார் போயிருப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. உண்மைதான், யாரும் போயிருக்க மாட்டார்கள். ஊர்க்காரர் தெருவுக்குள் விடாதவர்களோடு ஒரே குடியிருப்பில் தங்கி, நோய்க்கு மருந்து கொடுத்து, பெண்பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர்கள் அந்த வெள்ளைக்காரப் பெண்களும் இந்திய ஊழியர்களும்தான். அங்கே நிலம் கிடைத்துப் பயிர் செய்து தலையெடுத்த குடும்பங்கள் உண்டு. படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் உண்டு. போலீஸ் லத்திக்கும் சேனையின் சீருடைக்கும் இடையில் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டிருந்தால் பலர் சீருடையைத்தான் காட்டியிருப்பார்கள். ஆனால் அந்தத் தேர்வே லத்தி கொடுத்த தேர்வு. மிஷனின் வேலியைத் தாண்டினால் சட்டத்தின் சிறை காத்திருந்தது என்பதால், உள்ளே கிடைத்த அன்பு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அதை வாங்கிக்கொண்டவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் கொடுக்கப்படுவதற்குத் தர்மம் என்று பெயர் வைக்கலாமா? இதன் பலன் நூறாண்டு கழித்தும் தெரிகிறது. 1991ல் சிரஞ்சீவி நடித்த ‘ஸ்டூவர்ட்புரம் போலீஸ் ஸ்டேஷன்’, 2023ல் ரவி தேஜா நடித்த ‘டைகர் நாகேஸ்வர ராவ்’ என்று தெலுங்கு சினிமாவுக்கு அந்த ஊர்ப்பெயர் இன்னும் திருட்டின் மறுபெயர். திருத்துவதற்கென்று ஓர் ஊரைக் கட்டியதால், அங்கே பிறந்தவர் அனைவரும் திருத்தப்பட வேண்டியவர் என்ற முத்திரை ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது நம் பள்ளத்தாக்குக்குத் திரும்பலாம். பிரமலைக் கள்ளர்கள் நாடோடிகள் அல்லர். ஊர்க்காவலும் புன்செய் விவசாயமும் பார்த்தவர்கள். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையிலிருந்து 1895ல் தண்ணீர் வந்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைந்தது, ஆள் தேவைப்பட்டது, இவர்களும் பெருகினார்கள். 1914ல் மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் தொடங்கி, 1918க்குள் அந்தச் சாதி முழுவதையும் சட்டம் வளைத்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். ஊரை விட்டுப் போனால் ராதாரிச் சீட்டு வேண்டும். ராத்திரியானால் வயதுவந்த ஆண் காவல்நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ போய் ஆஜராகிப் படுக்க வேண்டும். தாலி கட்டிய அன்றே மாப்பிள்ளை கச்சேரிக்குப் படுக்கப் போன கதைகளைச் சொல்லும் கிழவிகள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை எடுக்க வந்த போலீசைப் பெருங்காமநல்லூர் எதிர்த்து நின்றது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டை ஒட்டித்தான் கள்ளர் சீர்திருத்தத் திட்டம் வேகம் பிடித்தது: பள்ளிகள், சில விடுதிகள், கிணறுகள், கூட்டுறவுச் சங்கங்கள். தந்தைக்கு இரவில் கச்சேரி, பிள்ளைக்குப் பகலில் பள்ளிக்கூடம். இரண்டையும் அனுப்பியது ஒரே அரசு. அதனால் இதைக் கருணைக் கதையாகச் சொல்லிவிட முடியாது. என்றாலும் ஸ்டூவர்ட்புரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடி ஊருக்குள் வந்தது. சாயங்காலம் மணி அடித்ததும் பெரும்பாலான பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு அப்பத்தா வீட்டுக்குத்தான் ஓடினார்கள். அங்கே அதே கருப்பசாமி, அதே பேச்சு, அதே சண்டை. பள்ளி எதையும் மாற்றச் சொல்லவில்லை, எழுத்தை மட்டும் கூடுதலாகக் கொடுத்தது. படித்துவிட்டு அதே ஊரில் நின்றவன்தான் அடுத்த தலைமுறையில் மனு எழுதினான், சங்கம் கட்டினான், ஓட்டுக் கேட்டான்.

கிறிஸ்தவர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. மிஷனைச் சேர்ந்தவர் அல்ல, வக்கீல். செங்கன்னூர் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1887ல் பிறந்து மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834லேயே மதுரைக்கு வந்துவிட்டது. பெரியகுளம் வரை நிலையங்கள் போட்டது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று இந்த மாவட்டங்களுக்கு அது செய்ததைப் பட்டியலிட இங்கே இடம் போதாது. ஆனால் கள்ளர்கள் திரளாகக் கிறிஸ்தவத்துக்கு வரவில்லை. அவர்கள் தங்கள் மனிதராக ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவர் ஜார்ஜ் ஜோசப். கைரேகைச் சட்டத்துக்கு எதிராக எழுதினார், வாதாடினார், பாதிக்கப்பட்டவர்களின் வழக்குகளை நடத்தினார். அந்த மக்கள் அவருக்கு வைத்த பெயர் ரோசாப்பூ துரை. அவர் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை, எந்தப் பிள்ளையையும் எடுத்து வளர்க்கவில்லை. பெற்றோர் தலைமேல் இருந்த சட்டத்தை எடுக்கப் பார்த்தார். பிள்ளைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அப்பனை ராத்திரி வீட்டில் படுக்க விடுவதுதான் என்று புரிந்துகொண்ட ஊழியம் அது. 1938ல் அவர் இறந்தார். 1947ல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31ல் அது மறைந்தது.

கள்ளர் பள்ளிகளை அந்த மக்கள் எவ்வளவு தங்களுடையதாகக் கருதுகிறார்கள் என்பதற்கு அண்மைச் சாட்சியும் உண்டு. பல துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாகத் தமிழக அரசு 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024ல் பரிந்துரைத்தது. இரண்டுக்கும் இந்தப் பகுதியில் எதிர்ப்பு கிளம்பியது. சந்துரு குழுவின் வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே சாதியின் பெயரைத் தாங்கிய பள்ளிக்குள் வேறு சாதிப் பிள்ளை என்ன மனநிலையோடு நுழையும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அவமானத்தின் பேரால் பிறந்த ஒரு நிறுவனத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஒரு சமூகம் தெருவில் இறங்குகிறது என்றால், இடையில் ஏதோ ஒரு கட்டத்தில் அது அவர்களுடைய சொத்தாகிவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபணை வரும். கள்ளர்கள் ஊரில் நிலையாக இருந்தவர்கள், எண்ணிக்கையில் பெரியவர்கள், அரசியலில் குரல் உள்ளவர்கள். அவர்களுக்கு ஊர்ப்பள்ளி சரி. இன்றைக்கு வீரபாண்டி சித்திரைத் திருவிழா, பழனி தைப்பூசம் என்று கூட்டம் கூடுகிற இடமெல்லாம் பாசிமணிக் கடை விரிக்கிற நரிக்குறவர் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பள்ளி? (குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. முன்னவர்கள் தமிழ் நிலத்தின் பழங்குடி. பின்னவர்கள் குஜராத்தி சாயலுள்ள வாக்ரிபோலி பேசுகிறவர்கள். அந்தப் பெயர்க் குழப்பத்தால் இரு தரப்புக்கும் மனக்குறை உண்டு.) தரையில் சாக்கு விரித்து, ஒரு கையில் குறடும் மறு கையில் செம்புக் கம்பியுமாக அம்மா மணி கோத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நிறம் பிரித்துக் கொடுக்கும் ஏழு வயதுப் பெண்ணுக்குத் திருவிழா முடிந்தால் அடுத்த வாரம் வேறு மாவட்டம். 1972ன் வனவிலங்குச் சட்டம் வேட்டையை நிறுத்தியபின் இந்த வியாபாரம்தான் பிழைப்பு. ஆக, விடுதி இல்லாமல் அந்தப் பெண் படிக்கவே முடியாது. உண்டு உறைவிடப் பள்ளியைச் சந்தேகத்தோடு பார்ப்பது அவளைத் தெருவிலேயே நிறுத்துவதற்குச் சமம் என்பார்கள்.

விடுதி வேண்டாம் என்பது என் கட்சியே அல்ல. கள்ளர் திட்டத்திலும் விடுதிகள் இருந்தன. விடுதிக்கும் நார்வே இல்லத்துக்கும் உள்ள வித்தியாசம் கட்டடத்தில் இல்லை, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் பிள்ளையை விட்டுவிட்டு, சீசன் முடிந்து வந்து அழைத்துப் போகத் தாயால் முடியுமா? நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தலைவாரிப் பின்னிவிட்டுப் போகலாமா? பிள்ளை தன் மொழியில் பேசினால் அடி விழுகிறதா? முதல் வகுப்பில் தமிழே புரியாமல் உட்கார்ந்திருக்கும் வாக்ரிப் பிள்ளைக்கு அதன் மொழி தெரிந்த ஒரு பெரியக்கா விடுதியில் இருந்தால், வருகைப் பதிவேட்டால் ஆகாத காரியம் ஆகும். ரோமா மக்களிடையே நடந்த ஊழியத்திலும் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1837ல் ஜார்ஜ் பாரோ என்பவர் மாட்ரிட்டில் லூக்கா சுவிசேஷத்தை ஸ்பானிய ஜிப்ஸிகளின் பேச்சில் அச்சிட்டார். கிறுக்குப் பிடித்த மனிதர், அவர் மொழிபெயர்ப்பில் பிழை தேடியவர்கள் நிறைய. ஆனாலும் அந்தப் பேச்சுக்கு ஓர் எழுத்து மரியாதை கொடுத்தார். அதைவிடப் பெரிய திருப்பம் 1950களில் பிரான்சில் நடந்தது. கிளெமான் லெ கொசெக் என்ற பிரெத்தானி வட்டாரப் போதகர் வண்டிகளில் வாழ்ந்த ரோமா மக்களை வண்டியை விட்டு இறங்கச் சொல்லவில்லை. அவர்களுக்குள்ளிருந்தே போதகர்களை எழுப்பினார்; வண்டி போகும் இடத்துக்குச் சபையும் போனது, எழுத்துப் பாடமும் கூடவே போனது. இன்று ஐரோப்பாவின் ரோமா மக்களிடையே வேகமாக வளர்ந்திருக்கும் கிறிஸ்தவம் இந்த வழியில் வந்ததுதான். பிள்ளைகளைப் பறித்த மிஷனுக்காக அரசு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வண்டியில் ஏறிக்கொண்ட மிஷனை ரோமாக்களே நடத்துகிறார்கள். 2019ல் போப் பிரான்சிஸ் ருமேனியாவின் பிளாஜ் நகரில் ரோமா மக்களிடம் திருச்சபையின் பேரால் மன்னிப்பு வேண்டியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு இந்த இரண்டு வரலாறும் தெரிந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபணை வேறு: எந்த வழியில் போனாலும் மதமாற்றம்தானே உள்நோக்கம், அதைத் தடுத்துவிட்டால் போதாதா என்பது. தமிழ்நாடு அதையும் செய்து பார்த்தது. 2002ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004ல் திரும்பப் பெறப்பட்டது. வயதுவந்த நரிக்குறவர் ஒருவர் சாமி மூட்டையை வைத்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போவது அவருடைய முடிவு. அந்த மூட்டை சாதாரணச் சாமான் இல்லை என்பதை மட்டும் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அம்மன் உருவங்களும், பலி ரத்தம் தோய்ந்த சாமித் துணியும் அதற்குள் இருக்கின்றன. குடும்பத்தின் கிளை எது, யாருக்கு யார் பெண் கொடுக்கலாம் என்பதுகூட அந்த மூட்டையோடு கட்டப்பட்ட கணக்கு. அதை விக்கிரகம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் ஒரு குலத்தின் பதிவேட்டையே எரித்த மாதிரி. இருந்தாலும் பெரியவர் முடிவு பெரியவருக்கு. மதம் மாற்றுவதை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1977ன் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. மனம் மாறுகிறவரின் உரிமை அதனால் போய்விடவில்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதிக்கு இருக்கும் மத நிபந்தனை பழங்குடிப் பட்டியலுக்கு இல்லை. எனவே சர்ச்சுக்குப் போனால் சலுகை போய்விடும் என்று பயம் காட்டுவதும் செல்லாது. இவர்கள் பிள்ளைகள் கிறிஸ்தவர் ஆகிவிடுவார்களோ என்று கவலைப்படுகிறவர்கள், அந்தப் பிள்ளைகள் படிக்காமல் இருந்த இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை டேரா பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்று கேட்கவும் தோன்றுகிறது.

பிள்ளை விஷயம் மட்டும் வேறு. சோற்றுக்கும் படுக்கைக்கும் ஒரு நிறுவனத்தை நம்பியிருக்கும் எட்டு வயதுப் பிள்ளை, காலை ஜெபத்தில் கண்ணை மூடுவது விருப்பமா, சோற்றுக்கு நன்றியா என்று அதற்கே தெரியாது. அரசமைப்பின் 28(3) பிரிவு இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் மதபோதனையிலோ வழிபாட்டிலோ ஒருவரைப் பங்கேற்கச் செய்ய அவருடைய சம்மதம் வேண்டும், சிறுவர் என்றால் பாதுகாவலரின் சம்மதம். விடுதிகளையும் இல்லங்களையும் பதிவு செய்ய வைக்கும் 2014ன் தமிழகச் சட்டமும், 2015ன் இளைஞர் நீதிச் சட்டமும் இருக்கின்றன. சட்டத்தில் ஓட்டை அதிகமில்லை. ஓட்டை இருப்பது சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியில். பெற்றோர் கையொப்பம் என்று எழுதி ஒரு கோடு போட்டிருக்கும். எழுதத் தெரியாத தாய் அந்தக் கோட்டின் மேல் மைத்திண்டில் ஒற்றிய இடது கட்டைவிரலை வைப்பாள். பெருங்காமநல்லூரில் கேட்டதும் கட்டைவிரலைத்தான். ஸ்டூவர்ட்புரத்துப் பதிவேட்டிலும் அதுதான் இருந்தது. மைத்திண்டை நகர்த்துவதற்கு முன் அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது, எந்தப் பாட்டுப் பாடச் சொல்வார்கள், எந்த மாதம் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகலாம், பிடிக்காவிட்டால் நாளைக்கே கூட்டிப் போகலாமா என்பதையெல்லாம் அவளுக்குப் புரியும் பேச்சில், வாக்ரிபோலியில், ஒரு வரி விடாமல் படித்துச் சொல்ல அந்த அறையில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.